நாற்காலி கேட்டு ஒரு மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சி மன்றத் தலைவர். எங்கள் ஊராட்சி விவகாரம் தங்களுக்குத் தெரியாததல்ல. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாயிற்று. போன வாரம் சமாதானக் கூட்டமும் போட்டார்கள். வந்திருந்த அதிகாரி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

ஊராட்சி அலுவலகத்தில் தலைவருக்கென்று வாங்கிய சுழல் நாற்காலி இருக்கிறது. நான் வரும் நாளில் அது உள்ளறைக்குப் போய்விடும். சாவி துணைத் தலைவரிடம். வார்டு உறுப்பினர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, தீர்மானப் புத்தகத்தை ஜன்னல் திட்டில் வைத்து நின்றபடியே கையெழுத்துப் போடுகிறேன். ஊராட்சிச் செயலர் அந்த நேரம் மட்டும் செல்போனைப் பார்ப்பார், பாவம். அவருக்கும் வேலை முக்கியம்.

என்னை யாரும் அடிக்கவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டவும் இல்லை. ஆகவே வழக்குப் போட முடியாது என்கிறது காவல் நிலையம். கெட்ட வார்த்தை காதில் விழுந்தால்தான் அவமானமா ஐயா? பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பதே குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சொல்கிறது, பிரிவு 3(1)(எம்). எனக்கே தெரிந்திருக்கிறது. நான் கேட்பது என் நாற்காலி, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15-க்கு மட்டும் போலீஸ் பாதுகாப்போடு என்னைக் கொடியேற்ற வைத்தார்கள். பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்ற வேண்டும் என்று 2022-லேயே தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாரே! போட்டோ செய்தித்தாளில் நன்றாகவே வந்திருந்தது. மறுநாள் நாற்காலி பழையபடி உள்ளே. மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே, அதே மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடத்த முடியவில்லை. நான் உயிரோடு நின்றுகொண்டாவது இருக்கிறேன். முன்னேற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 அன்று அடுத்த கிராம சபை. அதற்குள் உள்ளறைச் சாவியைச் செயலரிடம் ஒப்படைக்கவும், என் நாற்காலியை எனக்குத் தரவும், என் புகாரைப் பதிவு செய்யவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்து ஊராட்சி மன்றத் தலைவர் ஒருவர்