எந்தக் கட்டி, எந்தச் சிவப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "கண்ணில் கட்டியோ சிவப்போ வந்தால் சொட்டு மருந்தோடு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் போட்டுக்கொள்வது நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்தக் கட்டி, எந்தச் சிவப்பு என்று விசாரிப்பது வாசகன் பொறுப்பு போலும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இந்த மாத்திரை வேலை செய்யாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

அந்த வரிப்படி நடந்து பார்த்தவன் நான். மேல் இமையில் பட்டாணி அளவு கட்டி, வலியில்லை. தெரிந்தவர் பேச்சைக் கேட்டு ஐந்து நாள் அமாக்சிசிலின், அப்புறம் ஐந்து நாள் வேறொன்று. வயிறு கெட்டதுதான் மிச்சம். கண் மருத்துவர் இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறது, கிருமியே இல்லை. மாத்திரை யாரைக் கொல்லும்?" என்றார். வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம், நாளைக்கு நான்கு முறை ஒற்றி ஒற்றியே ஒரு மாதத்தில் கரைந்தது.

மாத்திரையே கூடாது என்று சொல்லவில்லை. என் தங்கை மகனுக்கு இமை முழுக்கச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தபோது, சொட்டு மருந்தை மட்டும் விட்டுக்கொண்டு இரண்டு நாளை வீணாக்கினோம். தோலுக்கடியில் பரவிய தொற்றுக்குச் சொட்டு மருந்து போதாது. உள்ளுக்குக் கொடுத்தால்தான் கேட்கும். மருத்துவர் விரலை அசைத்து, கண்ணை நாலு பக்கமும் உருட்டச் சொன்னார். உருட்டும்போது வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, விழி பிதுங்கினாலோ மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, மருத்துவமனையில் சேர்த்து ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார். இதற்கு நான்கு வரி ஒதுக்க இடமில்லை. எதிர்ப்பக்கத்தில் கண் மை விளம்பரத்துக்கு முழுப்பக்கம்.

இமையோர அழற்சிக்கு வாரக்கணக்கில் தரும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஆகாது. "ஒரு மாத்திரை" என்றால் இவர்கள் எதைப் போட்டுக்கொள்வார்கள்?

முன்பெல்லாம் அந்தப் பக்கத்தில் மருத்துவர் பெயர் இருக்கும். இப்போது "நமது குழு". காய்ச்சல் கட்டுரை பற்றிப் போன வருடம் எழுதினேன். பாதியை வெட்டி, என் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். சரி, போகட்டும்.

எழுதுபவர் பெயரையும் படிப்பையும் அச்சிடுங்கள். ஒரு திருத்தமும் போடுங்கள். வழக்கம்போல் மூலையில் எறும்பு எழுத்தில் வேண்டாம். கண் சரியில்லாதவர்கள்தான் அதைப் படிக்கப் போகிறார்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரன்