போர்வையைத் திருப்பிக் கொடுத்த அக்காவுக்கு

அக்கா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. காப்பகத்துச் சாமான் அறையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் தைத்த ஐந்து ஒட்டுப் போர்வைகளைச் சுமந்துகொண்டு வந்தேன். நான்கைப் பேசாமல் அலமாரியில் வைத்தீர்கள். ஐந்தாவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதை வாஷிங் மெஷினில் போடலாமா?” என்று கேட்டீர்கள். “கையால் பதமாக அலசணும்” என்றேன். மறுபடி மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள்.

அன்றைக்கு உங்களை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். ஏழு மாத வேலை அது. பட்டுத் துண்டுகள், நடுவில் மணி வைத்த பூ. மற்ற நான்கும் மிச்சம் மீதித் துணியில் தைத்தவை; உண்மையைச் சொன்னால், அவற்றை இதற்குத் துணையாகத்தான் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வீம்புக்கு அதை மெஷினில் போட்டேன். வெளியே எடுத்தால், சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் கலர். பட்டு சுருங்கிப் பக்கத்துப் பருத்தியை இழுத்துப் பிடித்திருந்தது. பஞ்சு ஒரு மூலையில் திரண்டு, குட்டித் தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தது. அது என் தப்புதான். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது குறுக்கே ஓடும் தையல். பூவின் அழகு கெடுமே என்று ஒரு முழத்துக்குத் தையலே போடாமல் விட்டிருந்தேன்.

அப்புறம்தான் உங்கள் கேள்வி உறைத்தது. அந்தக் கட்டிலில் இன்றைக்கு ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர். மூட்டைப்பூச்சி வந்தாலும் சொறி பரவினாலும் துணியை வெந்நீரில் துவைத்து நல்ல சூட்டில் உலர்த்தியாக வேண்டும். என் மணிப் பூவை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

இப்போதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்துவிடுகிறேன். அடர்ந்த நிறமென்றால் ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கிறேன். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். பருத்திப் பஞ்சு முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும் என்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டி வெட்டுகிறேன். நான்கு விரலுக்கு ஒரு தையல். ஓரம்தான் முதலில் கிழியும், அதற்கு இரட்டைப் பட்டி.

கைக்குழந்தைகளுக்கென்று சின்னதாக இரண்டு தைக்கலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, முதலில் விசாரித்தேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வையே வேண்டாம், மூச்சு முட்டும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். அந்தத் துணியைப் பெரியவர்களுக்கான போர்வையில் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று, பெயர்ச் சீட்டு. அந்த ஐந்திலும் மூலையில் ‘அன்பளிப்பு’ என்று போட்டு என் பெயரையும் தைத்திருந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது கனடாப் பெண்கள் தைத்த ஒட்டுப் போர்வைகள், குண்டுவீச்சில் வீடிழந்த பிரிட்டன் மக்களுக்குப் போயின. பலவற்றில் கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்று ஒரு சின்னச் சீட்டு மட்டும் இருந்தது. தைத்தவள் யாரென்று இல்லை. எனக்கு அந்த ‘அன்பளிப்பு’கூட வேண்டாம் என்று தோன்றுகிறது. போர்த்திக்கொள்கிறவர் தினமும் ராத்திரி அதைப் படித்துவிட்டா தூங்க வேண்டும்? இனி என் சீட்டில் இவ்வளவுதான்: ‘வெந்நீரில் துவைக்கலாம்.’

போன வாரம் அந்த வழியாக வந்தேன். என் நான்கில் ஒன்று உங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நிறம் நன்றாக வெளுத்திருந்தது. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை நூலில் யாரோ பிரித்துத் தைத்திருந்தார்கள். என் தையலைவிட நெருக்கமான தையல். யார் என்று கேட்க உள்ளே வரலாமா என்று நினைத்தேன், கூச்சமாக இருந்தது, போய்விட்டேன்.

மூன்று போர்வைக்குத் துணி துவைத்து வைத்திருக்கிறேன். ஒற்றைக் கட்டிலுக்கு 150க்கு 200 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் கட்டில்களுக்கு அது சரிவருமா? திங்கட்கிழமை வந்து கேட்கிறேன். அதுவரை கத்தரியைத் தொடமாட்டேன்.