கண் பரிசோதனை முகாம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

வரும் 14ஆம் தேதி ஞாயிறு, காலை 9 முதல் 1 மணி வரை, பாம்பனில் நாம் படித்த பள்ளியிலேயே இலவச கண் பரிசோதனை. மதுரையிலிருந்து ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தார் டாக்டர்களோடு வருகிறார்கள்.

"யார் இவங்க, மதம் பரப்பவா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இல்லை. 1717-ல் லண்டனில் தலைமைச் சங்கம் அமைத்தவர்கள்; இந்தியாவுக்கென்று தனித் தலைமை 1961-ல் வந்தது. கடவுள் நம்பிக்கை வேண்டும், ஆனால் எந்த மதத்தவரும் சேரலாம். கூட்டத்தில் மதமும் அரசியலும் விவாதிக்கக் கூடாது என்பதே அவர்கள் விதி. 1897-ல் நம்ம குந்துகாலில் வந்து இறங்கினாரே சுவாமி விவேகானந்தர், அவரே 1884-ல் கல்கத்தாவில் இதில் சேர்ந்தவர்தான். அவர்களுடைய சடங்குகள் அந்தச் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும். தர்மக் காரியம் எல்லாருக்கும்.

1. வெயிலிலும் உப்புக்காற்றிலும் கருவிழி மேல் சதை வளர்ந்தவர்கள் நம் ஊரில் நிறைய. கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள், வலை பின்னும் பெரியவர்களை நீங்களே கூட்டி வாங்க, தானாக வரமாட்டார்கள்.
2. ஆதார், பழைய கண்ணாடி, மருந்துச் சீட்டு கொண்டு வாங்க.
3. சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.
4. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவர் அவசியம்.
5. நாற்காலி போட தம்பிகள் சனி மாலை 5 மணிக்கு.

வருபவர் பெயர், வயதை வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள்.