நம் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், மேலப்பாளையம் என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கும் உறவுகளுக்கும் வணக்கம். இக்தியோசிஸ், அதாவது மரபணுப் பழுதால் தோல் வறண்டு செதிலாக உதிரும் நோய், உள்ள குடும்பங்களின் சங்கம் நம்முடையது. வெயில் தாழ்ந்து கூட்டம் வைத்தது பிள்ளைகளுக்காகத்தான். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயற்குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வரவில்லை. தோல் வறளாமல் பூசும் லிக்விட் பாரஃபினும் யூரியா கிரீமும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டோம். ரேஷன் கடையில் கைரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவை ஏற்கக் கேட்டு மனு கொடுத்தோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நம் இக்தியோசிஸ் தனியாக இல்லை. அதனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலைகிறவர்கள் இன்னும் அலைகிறார்கள்.

இந்த ஆண்டின் முக்கியமான வேலை, பரம்பரை நோய்களைப் பற்றிக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசனையில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி நம் வீடுகளுக்கு வந்து செய்த ஆய்வு. இந்தத் தோலோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்பதுதான் தலைப்பு. ஊசி இல்லை, ரத்தம் எடுக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார், எழுதினார். 11 வீடுகளுக்கு நானே பைக்கில் கூட்டிப்போனேன்.

பத்தமடைப் பக்கம் ஒரு வீட்டில், நாங்கள் படியேறியதும் அந்தத் தாய் ஓடிப்போய்ப் பாயில் உதிர்ந்து கிடந்த செதிலைத் துடைப்பத்தால் கூட்டினார். மாணவி, "இருக்கட்டும் அக்கா" என்று அதே பாயில் உட்கார்ந்தார். சிறுமி நீட்டிய காபி டம்ளரை வாங்கிக் குடித்தார். தொட்டால் ஒட்டாது என்று நாம் எத்தனை நோட்டீஸ் அடித்தோம்! அந்தத் தாய் அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார். பிறந்த அன்று பிள்ளை பாலித்தீன் பையில் சுற்றினதுபோல் இருந்ததையும், அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் திரும்பிப் போனதையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், வியர்வை வெளியேறாமல் உடம்பு கொதிப்பதால் விளையாட்டு வகுப்பில் ஈரத்துண்டோடு வேப்பமரத்தடியில் இருப்பதாகவும், மற்றவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பதாகவும் சொன்னான். எந்த டாக்டரும் நம்மிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

என் வீட்டிலும், குடும்பத்தில் யார் யாருக்கு நோய் என்று காட்டும் வம்சப்படத்தை மாணவி வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நானும் என் மனைவியும் அத்தை மகள், மாமன் மகன். சொந்தத்தில் கட்டியதால் எங்களைச் சேர்க்கும் கோடு மட்டும் இரட்டைக் கோடு. பழுதான மரபணுவின் ஒரு பிரதி என்னிடம், ஒன்று அவளிடம். எங்கள் இருவருக்கும் நோய் இல்லை, ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று விளக்கினார். எல்லா வகை இக்தியோசிஸும் இப்படி வருவதில்லை, எங்கள் மகளுக்கு இருப்பது இந்த வகை. கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று 14 வருடமாக என் மனைவி பேச்சு வாங்கினாள். நானும் தடுக்கவில்லை. அந்தப் படத்தில், பழுதான பிரதி இருப்பதைக் காட்ட, என் கட்டத்திலும் பாதி கறுப்பு. என் தாயார் அன்று ஒன்றும் பேசவில்லை, ஆனால் கிரகணப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. தோல் நோய் தீருமென்று சங்கரன்கோவில் புற்றுமண் பூசாத பிள்ளை நம்மில் யார்? நம்பிக்கை இருக்கட்டும். பழியைத் தாய் தலையில் போடுவது மட்டும் நிற்கட்டும்.

"செயலாளர் வெளியாளைக் கூட்டிவந்து நம் பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக்குகிறார், கல்யாணம் கெட்டுப்போகும்" என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. மனது நொந்தது. சம்மதக் கடிதத்தை உரக்கப் படித்துக்காட்டிய பிறகே மாணவி கையெழுத்து வாங்கினார். ஆய்வில் பெயர் இல்லை, எண்தான். வேண்டாமென்றால் எந்த நேரமும் விலகலாம். இன்னாரைக் கட்டாதே என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. அது அவர் படிப்பின் முறையே இல்லை. வரச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போன மூன்று குடும்பத்தாரும் இதைக் கேட்க இன்று வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். கிரீம் வாங்கியதிலும் ஆட்டோ, ஜெராக்ஸ் வகையிலும் போக, கையிருப்பு சொற்பம். சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். 43 குடும்பங்களில் கட்டியது 19. கஷ்டத்தில் இருப்பவர்களைக் கேட்கவில்லை. கிரீம் பங்கிடும் நாளில் முதல் ஆளாக வருகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

மண்டபம் தந்தவர்களுக்கும், வாடகை வாங்காத மைக்செட் தம்பிக்கும், நேரம் ஒதுக்கிய தோல் மருத்துவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த மரபணுவில் மாற்றம் என்றே பரிசோதித்ததில்லை. அது தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு கருவைச் சோதிக்க வழி உண்டு. தங்கச்சிக்கு, தம்பிக்குச் சம்பந்தம் பேசுமுன் ஆலோசனை கேட்கவும் அதுவே ஆதாரம். அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். என் ஒரு பைக்கால் ஆகாது. பொங்கல் கழிந்து மாணவி மறுபடி வருகிறார், இன்னும் ஆறு வீடுகள் வேண்டும். கூட்டிப்போக நான் தயார். எனக்கு உடம்பு முடியாவிட்டால் யார் போவார் என்பதையும் இன்றே பேசிவிடுவோம்.

சம்மதப் படிவமும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசல் மேஜையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகுமுன் நான் அங்கே நிற்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்