தொழிலகப் பயிற்சிக்கு ஒரு பருவமாவது ஒதுக்குக

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கோடை விடுமுறை வந்துவிட்டால் கோவையின் பம்ப், வார்ப்படத் தொழிற்சாலைகளுக்குப் பொறியியல் மாணவர்கள் கல்லூரிக் கடிதத்துடன் வரத் தொடங்குவார்கள். இன்பிளான்ட் டிரெயினிங் (தொழிற்சாலைக்குள் பயிற்சி) என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள்கள்தான். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அந்த நாள்கள் எப்படிக் கழிகின்றன என்பதை நன்கு அறிவேன். முதல் வாரம் ஒரே ஷாஃப்ட்டை (சுழல் தண்டை) மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியால் மூன்று முறை அளந்து மூன்று அளவு சொல்வார்கள். கை பழகி, அளவு நிலைபெற்று, "இது ஏன் ரிஜெக்ட் ஆனது?" என்று தாமாகக் கேட்கத் தொடங்கும் நேரத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டியதாகிவிடுகிறது. இந்தக் கேள்வியிலிருந்துதான் படிப்பே தொடங்குகிறது என்பதால், இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி நடத்தும் கூட்டுறவுக் கல்வி முறையை ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். மாணவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து, ஓர் அணி வகுப்பில் இருக்கும் வாரத்தில் மற்றோர் அணி தொழிற்கூடத்தில் வேலை செய்தது. எனவே முதலாளிக்கு எந்த வாரமும் ஆள் குறையவில்லை. இதன் உயிர்நாடி இந்தச் சுழற்சிதான் என்பது என் கருத்து. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோதே இம்முறையை ஏற்று, இன்று அதை நான்கு மாதப் பருவங்களாக நடத்தி வருகிறது. அங்கு மாணவர் செய்யும் வேலைக்கு ஊதியமும் உண்டு.

நமக்கும் இது புதிதன்று. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பு இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் எல்லா மாணவர்களும் ஒரே விடுமுறையில் வெளியே அனுப்பப்படுவதால், சிறு தொழிற்கூடங்கள் மே மாதத்தில் திணறுகின்றன. ஆகஸ்டில் கற்றுக்கொடுக்க நேரம் இருந்தும் மாணவர்கள் இருப்பதில்லை.

ஆகவே, அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் ஒரு முழுப் பருவத்தை (செமஸ்டரை) தொழிலகப் பயிற்சிக்கு ஒதுக்கி, பாதி மாணவர்களை ஒரு பருவத்திலும் மீதிப் பேரை அடுத்த பருவத்திலும் அனுப்ப அனுமதிக்க வேண்டும். அதற்கான மதிப்பெண்ணை, மாணவரை நேரில் வந்து பார்க்கும் ஆசிரியரும் தொழிற்கூட மேற்பார்வையாளரும் சேர்ந்து வழங்க வேண்டும். சான்றிதழ்த் தாளை மட்டும் பார்த்துப் போடும் வழக்கம் நிற்க வேண்டும். பட்டம் முடித்த தொழிற்பழகுநர்களின் (அப்ரென்டிஸ்களின்) குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும் ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. அதுபோன்ற உதவி படிக்கும் காலத்திலேயே கிடைத்தால், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு பட்டறையும் ஒரு மாணவரைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளும். வெளியூரிலிருந்து வரும் ஏழை மாணவருக்கு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழி பிறக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர்,
கோயம்புத்தூர்.