விருது வாங்கிய மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

விருதுச் செய்தி வந்த அன்று ஃபோனில் "ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு அது போதவில்லை என்று தெரியும். சரி, மீதியை எழுதிவிடுகிறேன்.

"விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிறார்கள், விவசாயிகள் விளைவிக்கிறார்கள், நடுவில் நான் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இளம் பணியாளர் விருதெல்லாம் அதிகம்" என்றாய். ஆராய்ச்சியில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் இந்த விரிவாக்கப் பணியிலேயே காலம் தள்ளியவள் நான். இதை மறுத்துப் பேச எனக்கு உரிமை உண்டு.

நிலக்கடலை ஆராய்ச்சிக்காக ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பலருக்குத் தெரியும். 1906இல் அமெரிக்காவின் அலபாமாவில், அவர் வேலை பார்த்த டஸ்கிகீ கல்வி நிலையத்திலிருந்து ஒரு குதிரை வண்டி கிளம்பியது. படிக்க வர முடியாத விவசாயிகளிடம் பாடமே போகட்டும் என்று கருவிகளையும் விதைகளையும் ஏற்றி அனுப்பினார்கள். அதே ஆண்டில் அந்த வண்டிக்குப் பொறுப்பேற்றவர் தாமஸ் கேம்பெல். வயது 23. அமெரிக்க வேளாண் துறை அமர்த்திய முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளர் அவர்தான். பணம் கொடுத்த மோரிஸ் ஜெசப்பின் பெயர் வண்டிக்குப் போனது. வண்டியை வடிவமைத்த கார்வர் புத்தகங்களில் இருக்கிறார். ஊர் ஊராகப் போய் நின்று பேசிய கேம்பெல்லை நம் துறைக்காரர்களிடமே கேட்டுப் பார், பாதிப் பேர் விழிப்பார்கள். எடுத்துச் சொல்கிறவர்களுக்கு அப்போதிருந்தே இந்தக் கதிதான்.

இன்னொன்றும் உண்டு, பயிற்சியில் நீயும் படித்திருப்பாய். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதைப் பற்றி சமூகவியலாளர்கள் ரயனும் கிராஸும் 1943இல் வெளியிட்ட ஆய்வு. விதை நல்ல விதை, விளைச்சலும் கூடுதல். ஆனாலும் கேள்விப்பட்டவர்கள் அதை விதைக்கப் பல வருடங்கள் ஆயின. முதலில் சேதி சொன்னவர்களில் அதிகம் பேர் விதை விற்பனையாளர்கள். ஆனால் பலர் மனம் மாறியது பக்கத்து வயல்காரர் சொன்ன பிறகுதான். கேள்விப்படுவது ஒன்று, நம்பி இறங்குவது வேறொன்று. நீ வேலை செய்வது இந்த இரண்டுக்கும் நடுவில். அதைச் சின்ன இடம் என்று நினைக்காதே.

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பற்றி நீ செய்த துண்டுப் பிரசுரத்தையே எடுத்துக்கொள். முதல் வரைவில் பூச்சியைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். "இவ்வளவு பெரிய பூச்சி எங்கள் வயலில் இல்லையே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று, விரல் நகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னாய். மருந்தின் அளவை லிட்டர் கணக்கோடு விடாமல், தெளிப்பானின் கொள்ளளவுக்கு ஏற்பப் பிரித்துப் போட்டாய். எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது பொறிவண்டின் புழுவுக்குக் கொடுத்த இடம். அது வளர்ந்த வண்டைப் போலவே இருக்காது. அசுவினியைத் தின்று நமக்கு நல்லது செய்வதைத் தெரியாமல், பூச்சி என்று நினைத்து மருந்தடித்துவிடுவார்கள். அதற்கு அரைப் பக்கம் தர, ஆய்வாளர் ஒருவர் எழுதித் தந்த நீண்ட முன்னுரையை வெட்டினாய். அவர் முகம் சுளித்தார் என்றாய். சுளிக்கட்டும்.

இதன் பலனை எந்தக் கணக்கில் எழுதுவது? அடிக்காமல் விட்ட மருந்துக்கு ரசீது கிடையாது. எத்தனை பிரதி அச்சானது, எத்தனை பேர் வீடியோ பார்த்தார்கள் என்று எண்ணித் தருகிற பாராட்டுகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. உன் விருதுக் குறிப்பில், அச்சுக்கு முன் வரைவை விவசாயிகளிடம் காட்டித் திருத்துவதைச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் தேர்வு செய்தவர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்கிறது என்று பட்டது.

இந்த வயதில் கொடுத்ததும் சரிதான். ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுத்தால் நன்றாகக் கைதட்டுவார்கள், அதோடு முடிந்தது. நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து வருடத்தில் கம்பெனி விளம்பர வேலைக்குப் போய்விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் ஒரு காரணம். தான் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை என்ற சலிப்பும் ஒரு காரணம்.

அப்புறம், வேலைக்கு ஆகிற ஒரு விஷயம். உன்னைப் பரிந்துரைத்து எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வை. திட்டப் பணத்தில் ஓடுகிற வேலை உன்னுடையது. திட்டம் முடிகிற நேரத்தில் சான்றிதழைவிட அந்தக் கடிதம்தான் கை கொடுக்கும். வரைவைப் படித்துக் குறை சொன்ன விவசாயிகளுக்கும் நீயே நேரில் போய்ச் செய்தி சொல். அலுவலகம் சொல்லிக்கொள்ளும் என்று விட்டுவிடாதே.

அடுத்த பிரசுரத்தின் வரைவை எனக்கும் அனுப்பு. அப்பாவுக்கு வேண்டாம், அவர் சந்திப்பிழையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா