பிள்ளைகளின் எக்ஸ்றே படமும் ஈயத் தகடும்: பெற்றோருக்கு ஒரு விளக்க மடல்

மதிப்புக்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். பிள்ளைகளுக்கு எக்ஸ்றே எடுக்கும்போது, இனப்பெருக்க உறுப்புகளைக் கதிரிலிருந்து காக்கவென அடிவயிற்றின் மேல் ஈயத் தகடு வைக்கும் வழக்கத்தை எமது நிலையத்தில் இப்போது கைவிட்டிருக்கிறோம். மூத்த பிள்ளைக்கு வைத்ததை இளையவருக்கு ஏன் வைக்கவில்லை என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். வரவேற்பு மேசையில் நின்றபடி இரண்டொரு சொல்லில் விளக்கிவிடக்கூடிய விடயம் அன்று என்பதாலேயே இம்மடலை எழுதுகிறோம்.

ஈயத் தகடு வைக்கும் பழக்கம் 1950களில் பரவியது. அக்கால இயந்திரங்கள் ஒரு படத்துக்கு இன்றையதைவிடப் பன்மடங்கு கதிரைச் செலுத்தின. அதன் பாதிப்பு அடுத்த தலைமுறைக்கும் போகக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. ஆனால் 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டுக்கு உயிர்தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும், அத்தகைய பரம்பரைப் பாதிப்பு உறுதியாகக் கண்டறியப்படவில்லை. இதனால் சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு இனப்பெருக்க உறுப்புகளுக்கு 1977இல் 0.25 என வகுத்திருந்த அபாய நிறையை (முழு உடலுக்குமான கதிர் அபாயத்தில் அவ்வுறுப்புகளின் பங்கைக் குறிக்கும் எண்) 1990இல் 0.20 ஆகவும், 2007இல் 0.08 ஆகவும் குறைத்தது. வழமையாகத் தகடு வைப்பதை நிறுத்துமாறு அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அறிவுறுத்தியது.

பயன் குறைந்துபோனது ஒருபுறமிருக்க, தகட்டினால் தீமையும் நேரக்கூடும் என்பதே எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை சற்று அசைந்தாலும் தகடு நழுவி, வைத்தியர் பார்க்க வேண்டிய இடுப்பெலும்பை மறைத்துவிடும். அப்போது இரண்டாவது படம் எடுக்க வேண்டிவரும். போதிய கதிர் வந்து சேர்ந்ததும் தானாகவே நின்றுவிடும் இயந்திரங்களில், உணரியைத் தகடு மறைத்தால், கதிர் போதவில்லை என்று கணித்து இயந்திரம் மேலும் செலுத்தும். பெண் பிள்ளைகளின் சூலகம் இருக்கும் இடம் ஆளுக்காள் வேறுபடுவதால், தகடு பல வேளைகளில் அதை மூடுவதும் இல்லை.

அப்படியானால் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தாய்க்கோ தகப்பனுக்கோ மட்டும் ஏன் ஈய மேலங்கி அணிவிக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள். பிடித்திருப்பவர் கதிர்க்கற்றைக்கு வெளியே நிற்கிறார். பிள்ளையின் உடலில் பட்டுச் சிதறும் கதிரே வெளியிலிருந்து அவரை வந்தடைகிறது. அதை மேலங்கி நன்றாகவே தடுக்கும். பிள்ளையைப் பொறுத்தவரை, படமெடுக்கும் பகுதிக்கு வெளியே செல்லும் சிறிதளவு கதிரில் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே சிதறிச் செல்வதால், மேலே வைக்கும் தகடு அதைத் தடுக்காது. கர்ப்பிணித் தாய்மார் பிள்ளையைப் பிடிக்க வேண்டாம். வேறொருவரைக் கூட்டி வாருங்கள்.

வளரும் பிள்ளைகளின் கலங்கள் விரைவாகப் பிரிவதாலும், அவர்களுக்கு முன்னே நீண்ட ஆயுள் இருப்பதாலும், பெரியவர்களைவிட அவர்களில் கூடிய கவனம் வேண்டும். கற்றையைத் தேவையான இடத்தின் அளவுக்கு ஒடுக்குவதும், உடற்பருமனுக்கேற்ப அளவைக் குறைப்பதும், முதல் முறையிலேயே நல்ல படத்தைப் பெறுவதுமே மெய்யான பாதுகாப்பு. பழைய பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும். டிஜிற்றல் படத்தில் அப்படித் தெரியாது. எனவே பிள்ளைகளுக்கான அளவுகளைத் தனியாக வகுத்து வைத்திருக்கிறோம்.

நெஞ்சுப் படம் ஒன்றின் கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவேட் (உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதர் இயற்கையாகப் பெறும் அளவு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட், ஆகவே அந்த ஒரு படம் ஏறக்குறைய மூன்று நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். சி.ரி. ஸ்கானின் அளவு இதைவிடப் பல மடங்கு என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் இவ்வகைக் கதிர் இல்லை.

மாங்காய்க் காலத்தில் மரத்தால் விழுந்து கை வீங்கிய பிள்ளைக்குப் படம் எடுக்கப் பயப்பட வேண்டாம். பொத்தான் பற்றரியை விழுங்கியதாகச் சந்தேகித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும். மாறாக, தலையில் இலேசாக அடிபட்ட பிள்ளைக்கு, மனம் ஆறுவதற்காக மட்டும் மண்டையோட்டுப் படம் கேட்காதீர்கள். எக்ஸ்றேயில் மூளை தெரியாது. வைத்தியரின் துண்டு இல்லாமல் பிள்ளைகளுக்கு நாங்கள் படம் எடுப்பதில்லை; தீவுப் பகுதிகளிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கும் வருத்தமே, எனினும் இதில் விலக்களிக்க மாட்டோம்.

வரும்போது பழைய படங்களையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். வேறிடத்தில் அண்மையில் எடுத்த படமே போதுமானதாக இருந்தால், வைத்தியருடன் பேசிவிட்டு, கட்டணம் வாங்காமல் அனுப்பி வைப்போம். இத்தனைக்குப் பிறகும் தகடு வைத்தால்தான் நிம்மதி என்று நினைப்பவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். படத்தை மறைக்காத இடமாயின் வைத்துத் தருவோம்.

இங்ஙனம்,
நிலைய நிர்வாகத்தினர்
யாழ்ப்பாணம்